தனித் துயரும் கூட்டு மருந்தும்

தனி ஒருவரால் இயலாததைப் பலர் சேர்ந்து முடிக்கலாம் என்பதனைக் கூட்டுறவாளராகிய நாம் அனுபவத்தில் கண்டவர்கள். நூல் வாங்கவும் விளைபொருளை விற்கவும் பயன்பட்ட இம்முறை மனத்துயரை ஆற்றவும் பயன்படுமோ? பயன்படும் என்று ஆப்பிரிக்க நாடுகள் இரண்டில் கண்டிருக்கிறார்கள். நம் அங்கத்தினர்கள் அதனை அறிதல் நலமென்று கருதி ஈண்டு விளக்குகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மனச்சோர்வும் மனப்பதற்றமும் எந்த ஊரிலும் உள்ளவை. ஆனால் சுகாதார நிலையத்திற்கு வருவோர் மனம் சரியில்லை என்று சொல்வது அரிது. தலைவலி, அசதி, உறக்கமின்மை, பசியின்மை என்றே சொல்லுவர். வீட்டாரோ, தறியில் உட்காராதவனைச் சோம்பேறி என்றும், வயலுக்குப் போகாதவளை வேலைக்குக் கள்ளி என்றும் ஏசுவர். ஏச்சினால் நோய் தீராது. நோயுற்றவர் மேலும் ஒதுங்குவார்.

உகாண்டா நாட்டின் தென்மேற்கில் மசாகா, ராக்காய் என்னும் மாவட்டங்கள் உள்ளன. உழவுத் தொழிலையே நம்பிய அப்பகுதி எய்ட்ஸ் நோயால் பலரைப் பறிகொடுத்தது. 2002-ஆம் ஆண்டில் அங்கு 30 கிராமங்களை எடுத்து, எவ்வித விருப்பு வெறுப்புமின்றி இரு பகுதியாகப் பிரித்து, 15 கிராமங்களில் மட்டும் குழுக்களை அமைத்தனர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் குழுக்கள் தனித்தனியே இருந்தன. வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரமாக 16 வாரம் கூடினர். நடத்தியவர் டாக்டர் அல்லர். இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூரார்.

குழுவினரில் தொடக்கத்தில் நூற்றுக்கு 86 பேர் கடும் மனச்சோர்வு உடையவராயிருந்தனர். முடிவில் அது நூற்றுக்கு ஏழுக்கும் குறைந்தது. குழு அமைக்காத கிராமங்களில் 94 என்பது 55 அளவிலேயே நின்றது. காலம் சிலரை ஆற்றும் என்பது மெய்யே. குழு அதனினும் மிகப் பலரை ஆற்றியது என்பதே இக்கணக்கின் பொருள்.

அங்கே நடப்பது யாது? உற்றார் இறந்த துயர், வீட்டுப் பிணக்கு, வாழ்க்கையில் நேர்ந்த பெருமாற்றம் ஆகிய இவற்றுள் எதிலிருந்து தம் சோர்வு தொடங்கியது என்று ஒவ்வொருவரும் கண்டறிகிறார். பின்னர் வாரந்தோறும், சென்ற வாரத்தில் மனநிலை எவ்வாறிருந்தது, அப்போது நிகழ்ந்தது என்ன என்று கூறுகிறார். கணவனை இழந்த ஒருத்தி பேசுகையில், அதே துயரைக் கடந்த மற்றொருத்தி தான் செய்ததைச் சொல்லுகிறாள். முன்னவள் அதனைச் செய்து பார்த்து மறுவாரம் வந்து சொல்லுகிறாள். ‘எனக்கு மட்டுமன்று’ என்னும் எண்ணம் முதல் மருந்து; ‘என்னால் பிறர்க்கும் உதவ முடிகிறது’ என்பது இரண்டாவது மருந்து.

ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில் இம்முயற்சி சுகாதார நிலையத்தின் வாயிலிலேயே தொடங்கிற்று. 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அவர்கள் 14 பாட்டிமார்களைப் பயிற்றுவித்தார். பாட்டி ஒருவர் நிலையத்தின் வெளியே மரப் பெஞ்சில் அமர்ந்து, வந்தவருடன் தனியே உரையாடுவார். நோய்க்கு அவர்கள் வைத்த பெயரும் ஷோனா மக்களின் சொந்தச் சொல்லே: குஃபுங்கிசிசா, அதாவது அளவு மீறிய நினைப்பு. பேசி முடித்தவர்களைப் பின்னர் ஒரு கூட்டத்தில் சேர்ப்பர். அங்கே பெண்கள் வட்டமாக அமர்ந்து, கழிவு பிளாஸ்டிக் இழையால் கைப்பைகள் பின்னிக்கொண்டே துயரங்களைப் பேசுவர். பையை விற்றுச் சிறிது வருவாயும் பெறுவர். கை வேலை செய்யும்போது வாய் எளிதில் திறக்கும் என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ!

எனினும் பலர் கூடிப் பேசுவதெல்லாம் மருந்தாகிவிடாது. குழு சிறியதாயிருத்தல் வேண்டும்; ஆறு முதல் பத்துப் பேர் போதும். நடத்துபவர் பயிற்சியும் மேற்பார்வையும் உடையவராதல் வேண்டும். கேட்டது வெளியே போகலாகாது. ஒரே ஊரில் இது கடினமாதலின், கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும், மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவில் அமர்த்தாதிருப்பதே நன்று. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர்க்கும், மனம் பிறழ்ந்து காணாததைக் காண்போர்க்கும் குழு மட்டும் போதாது. அவர்களைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. 2022 முதல் நம் நாட்டில் 14416 என்னும் இலவசத் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை பெறலாம்.

தவணை கட்டாத அங்கத்தினரைச் சங்கம் உடனே கவனிக்கிறது. கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியவரை யார் கவனிக்கிறார்கள்? அடுத்த முறை ஒருவர் வரவில்லையெனில், அவர் வீட்டு வாயிலுக்குச் சென்று நலம் விசாரிப்போமாக. கூட்டு மருந்தின் முதல் வேளை அதுவே.