ஒத்த பெயரும் வணிகர் உரிமையும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகத்து ஊர்களிலே பிறந்து, தென்னிலங்கைப் பட்டினங்களிற் கடை வைத்து உயர்ந்தோர் பலர். கடையின் பெயரில் மக்கள் வைக்கும் நம்பிக்கையே வணிகரின் பெருமுதல். அப்பெயரை ஒத்த பெயருடன் அயலிலே மற்றொரு கடை எழுந்தால் என் செய்வது?

இறைவன் பெயரும் ஊர்ப்பெயரும் பலருக்கும் பொதுவானவை. நாகபூஷணி என்பதையோ நெடுந்தீவு என்பதையோ ஒருவர் தமக்கே உரியதாக்குதல் எளிதன்று. ஆயினும், ஒத்த பெயரால் வாங்குவோரை மயக்குதல் தகாது.

மயக்கத்தை அளப்பது எவ்வாறு? இந்தியாவில் ‘அமிர்ததாரா’ என்னும் மருந்தை விற்றோர், ‘லக்ஷ்மண்தாரா’ என்னும் மருந்துப் பெயர் பதிவாவதை எதிர்த்தனர். சாதாரண மனிதர் பெயரைப் பிரித்து ஆராயார்; மங்கிய நினைவோடு முழுப்பெயரின் ஓசையையே கொள்வர்; ஆதலின் இரண்டும் மயங்கத்தக்கனவே என 1962 இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. எனினும், எதிர்த்தோர் நெடுங்காலம் வாளாவிருந்தமையால், உத்தரப் பிரதேச எல்லைக்குள் மட்டும் புதுப்பெயரைப் பதிய இடமளித்தது.

இலங்கையில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிந்த வியாபாரக் குறிக்கு 10 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு, பின்னர் புதுப்பிக்கலாம். ஆகவே சிறுவணிகரும் பெயரைப் பதிந்துகொள்ளல் வேண்டும்; போலி தோன்றியதும் தாமதியாது எதிர்த்தல் வேண்டும். அது வணிகருக்கு மட்டுமன்று, அவரை நம்பி வருவோருக்கும் காவலாகும்.