ஒரே இதழுக்கு ஏன் நான்கு பெயர்?

ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழ் ஓரிடத்தில் முழுப்பெயருடன் நிற்கும், இன்னோரிடத்தில் 'பிஎன்ஏஎஸ்', மற்ற இடங்களில் புள்ளி வைத்தும் வைக்காமலும் குறுக்கம். ஏன்?

ஜோட்டெரோ, எண்ட்நோட் போன்ற மேற்கோள் மென்பொருள்கள் இதழின் பெயரைத் தாமாக எழுதுவதில்லை. தரவுத்தளம் தந்ததை அப்படியே வாங்கி வைக்கின்றன. ஒரு தரவுத்தளம் முழுப்பெயர் தரும். பப்மெட் புள்ளியில்லாமல் குறுக்கும். இதழ்ப் பெயர்க் குறுக்கத்துக்கான ஐஎஸ்ஓ 4 விதிப்படி எழுதுவோர் வழக்கமாகப் புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளி மாறினாலும் கணினிக்கு அது வேறு பெயர்தான்.

எப்படிச் சரிசெய்வது? எண்ட்நோட்டில் இதழ்ப் பட்டியல் உண்டு: முழுப்பெயரும் குறுக்கங்களும் அருகருகே. எதை அச்சிடுவது என்பதை மேற்கோள் பாணி முடிவு செய்யும். ஜோட்டெரோவில் குறுக்கத்துக்குத் தனிக் கட்டம். ஜேப்ரெஃப் என்ற இன்னொரு மேற்கோள் மென்பொருள், தொகுப்பு முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடும். இரண்டும் ஒரே இதழா என்ற சந்தேகம் வந்தால், இதழின் அடையாள எண்ணான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என்னை ஒப்பிடலாம். அச்சுக்கும் இணையத்துக்கும் எண் வேறு என்பது நினைவிருக்கட்டும்.

வேர்டு கோப்பில் மட்டும் கையால் திருத்தாதீர்கள். பட்டியலைப் புதுப்பித்ததும் பழைய பெயரே திரும்பி வரும்.