ஐந்தாவது யானை எங்கே விழுந்தது?

திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. மாங்காய் வடிவத்தில் ஒன்று, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு ஒன்று என்று அதில் பல ரகம். வெளியே பார்த்தால் வெறும் இரும்பு. சங்கதியெல்லாம் உள்ளே!

சில கதைப் புத்தகங்களும் இப்படித்தான். இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் (1948-2015) எழுதிய 'டிஸ்க்வேர்ல்டு' நாவல்கள் அந்த ரகம். 1983-ல் தொடங்கி மொத்தம் 41 புத்தகங்கள். மந்திரவாதிகள், சூனியக்காரப் பாட்டிகள், குள்ளர்கள் என்று ஒரு பெரிய பட்டாளமே உண்டு. அவர்களுக்கு நடுவே சினிமா, பாட்டு, பழங்கதை என்று எதையாவது ஒளித்து வைப்பதில் மனிதருக்கு அவ்வளவு ஆசை!

முதலில் அந்த உலகத்தைப் பாருங்கள். தோசைக்கல் மாதிரி தட்டையானது. அதை நான்கு யானைகள் தாங்குகின்றன. யானைகள் நிற்பது ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகில். ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே இருக்கிறது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலையைத் தாங்கிய ஆமையும், எட்டுத் திசையிலும் நின்று உலகைத் தாங்கும் யானைகளும் நம் பாட்டி சொன்ன கதையில் வருகிறவைதானே! உலகம் யானை மேல், யானை ஆமை மேல் என்று இந்தியர்கள் சொல்வதாக 17-ஆம் நூற்றாண்டிலேயே ஓர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் எழுதிவைத்தார். "சரி, ஆமை எதன் மேல்?" என்பதுதான் அவருடைய கிண்டல். அவர் பெயர் ஜான் லாக். (பூட்டு ஊருக்குப் பொருத்தமான பெயர்!)

1999-ல் வந்த நாவலின் பெயர் 'தி ஃபிஃப்த் எலிபென்ட்'. ஆதியில் ஐந்து யானைகள் இருந்தனவாம். ஒன்று கால் இடறி, உலகத்தின் மேலேயே வந்து விழுந்துவிட்டதாம். அது விழுந்த இடத்தில் இன்றும் சுரங்கம் தோண்டி யானைக் கொழுப்பு எடுக்கிறார்கள்! இதைப் படித்தபோது கதையை மட்டும் ரசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகு ஒருநாள் டி.வி.யில் 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' என்ற 1997-ஆம் வருடத்து விண்வெளிப் படம் ஓடியது. எலிமென்ட்... எலிபென்ட்! நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து வீட்டில் பயந்துவிட்டார்கள்.

1990-ல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' நாவலில் இன்னும் குறும்பு. 1933-ல் வெளிவந்த 'கிங் காங்' படத்தில் ராட்சதக் குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு உயரமான கட்டடத்தில் ஏறும், இல்லையா? இங்கே ராட்சதப் பெண் ஒருத்தி குரங்கைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறுகிறாள். அந்தக் குரங்கு யார் தெரியுமா? மந்திரப் பல்கலைக்கழகத்தின் நூலகர்! மந்திரம் தவறிப்போய் உராங் உட்டானாக மாறியவர்.

சில பூட்டுகளுக்கு நம்மிடம் சாவி இருக்காது. 1994-ல் வந்த 'சோல் மியூசிக்' நாவலில் இசைக்குழு வைத்திருக்கும் பையனின் பெயருக்கு 'ஹாலிச் செடியின் மொட்டு' என்று அர்த்தம். மொட்டுக்கு ஆங்கிலத்தில் 'பட்'. சேர்த்துச் சொன்னால் பட்டி ஹாலி! 22 வயதிலேயே விமான விபத்தில் இறந்துபோன அமெரிக்கப் பாடகர் அவர். இது நமக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டாலும் கதை நிற்காது. பையன் பாடுவான், கூட்டம் ஆடும். அதனால் 'எனக்கு மட்டும் புரியவில்லையே' என்று புத்தகத்தை ஓரம் கட்டிவிடாதீர்கள். ஆமையும் யானையும் எங்கிருந்து வந்தன என்று லண்டன் பையனுக்கும் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

திண்டு மாதிரி மலை இருப்பதால்தான் நம் ஊருக்குத் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நீங்கள் எழுதும் கதையில், ஒரு ராட்சதன் தலை வைத்துத் தூங்குகிற மலை ஒன்று வரட்டும். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். லண்டன் பையன் பேசாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவான். பேகம்பூர் பையன் 'அட!' என்று நிமிர்ந்து ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பான்.