நாற்பது எழுத்துக்குள் ஒரு செய்தி

1974 செப்டம்பரில் பிபிசி 'சீஃபாக்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. வீட்டுத் தொலைக்காட்சித் திரையிலேயே செய்தியை எழுத்தாகப் படிக்கலாம். ஒரு பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 40 எழுத்து; அதற்குமேல் ஓர் எழுத்தும் ஏறாது. பின்னாளில் இணையதளம் வந்தபோது, ஒரே செய்தியை இரண்டு இடத்துக்கும் பயன்படுத்தினார்கள். இணையச் செய்தியின் முதல் நான்கு பத்திகளே சீஃபாக்ஸ் பக்கமாக ஓடின. தலைப்புக்குக் கிடைத்த இடம் முப்பத்துச் சொச்சம் எழுத்து.

இடநெருக்கடி கற்றுக்கொடுத்த இந்தப் பழக்கம் இணையத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. இணைய வாசிப்பை ஆராய்ந்துவந்த ஜேக்கப் நீல்சன், பிபிசியின் தலைப்புகளே உலகில் சிறந்தவை என்று 2009-இல் எழுதினார். அவர் எடுத்துப் பார்த்த தலைப்புகளின் சராசரி நீளம் 5 சொல், 34 எழுத்து.

நீல்சன் 1997-லேயே ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டிருந்தார். புதிய பக்கத்தைத் திறந்தவர்களில் 79 சதவீதத்தினர் அதை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா பற்றிய பக்கத்தை ஐந்து விதமாக எழுதியும் காட்டினார்கள். தேடியதைக் கண்டுபிடிப்பது, நினைவில் வைப்பது முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்ததில் மதிப்பெண் 58 சதவீதம் கூடியது. 'உலகப் புகழ்பெற்ற' என்பது போன்ற பெருமைப் பேச்சை நீக்கியதற்கு மட்டும் 27 சதவீதம். சுருக்கம், அடக்கம், கண்ணுக்கு எளிதான பட்டியல் மூன்றும் சேர்ந்தபோது 124 சதவீதம்.

2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவுசெய்து நீல்சன் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். பார்வை முதல் சில வரிகளில் குறுக்கே ஓடுகிறது. பிறகு இடப்பக்க ஓரமாகவே கீழே இறங்கிவிடுகிறது. வரியின் தொடக்கச் சொற்களுக்குக் கிடைக்கும் கவனம் கடைசிச் சொற்களுக்குக் கிடைப்பதில்லை.

தமிழில் எழுதுபவர் இங்கேதான் விழித்துக்கொள்ள வேண்டும். தமிழ் வாக்கியத்தில் பொதுவாக வினைமுற்று கடைசியில் வரும். 'இன்ன ஆவணங்களுடன் இன்ன தேதிக்குள் நேரில் வந்து விண்ணப்பிப்பவர்களின் மனுக்கள்' என்று வாக்கியம் நீண்டுகொண்டே போனால், முடிவு 'ஏற்கப்படும்' என்பதா, 'ஏற்கப்படாது' என்பதா என்று ஓரச் சொற்களை மேய்பவருக்குத் தெரியாது. வாக்கியத்தை இரண்டாக, மூன்றாக உடைத்துவிட்டால் வினை சீக்கிரம் வந்துவிடும்.

சுருக்கம் என்பதற்காக விஷயத்தை ஒளித்துவைக்கக் கூடாது. 'இதைப் பார்த்தால் ஆடிப்போவீர்கள்' என்ற தலைப்பும் சின்னதுதான். ஆனால் எதைப் பற்றியது என்று சொல்வதில்லை. இத்தகைய தூண்டில் தலைப்புகளைப் பின்தள்ளப் போவதாக 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அறிவித்தது. தலைப்பைச் சொடுக்கிப் போனவர் அங்கே நின்று படித்தாரா, உடனே திரும்பிவிட்டாரா என்பதையும் அது கணக்கில் எடுத்தது.

சீஃபாக்ஸ் 2012 அக்டோபர் 23 அன்று நின்றது. ஆறு நாள் முன்னதாக, பிரிட்டன் அரசின் 'கவ் யூகே' என்ற பொதுத் தளம் தொடங்கியிருந்தது. வரி, ஓய்வூதியம், ஓட்டுநர் உரிமம் என்று பல துறைகளின் தகவல்களையும் ஒரே இடத்தில் தருவது அதன் வேலை. அங்கே எழுதுபவர்களுக்கும் கறாரான வரம்பு உண்டு: வாக்கியம் 25 சொல்லைத் தாண்டக் கூடாது, தலைப்பு 65 எழுத்துக்குள் அடங்க வேண்டும், நீண்டால் தேடுபொறி அதன் வாலை வெட்டிவிடும். அலுவலகத்தார் தங்களுக்குள் பேசும் சொல்லை விட்டு, மக்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடுகிறார்களோ அதைத் தலைப்பில் வைக்கிறார்கள்.

நம் ஊர் அறிவிப்பு ஒன்றை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 'மின்நுகர்வோரின் மேலான கவனத்திற்கு' என்று தலைப்பு. உள்ளே, 'பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட இருப்பதால் கீழ்க்கண்ட பகுதிகளில்' என்று தொடங்கி, ஆறாவது வரியில் 'மின் விநியோகம் நிறுத்தப்படும் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்று முடியும். இதையே 'மின்தடை: வெள்ளி காலை 9 முதல் 2 மணி வரை' என்று தலைப்பிட்டு, அடுத்த வரியிலிருந்து தெருப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தரலாம். பராமரிப்புப் பணி என்ற காரணம் கடைசியில் வரட்டும். கைபேசியில் தன் தெருவின் பெயரைக் கண்டவர் அதுவரை காத்திருக்க மாட்டார். தண்ணீர்த் தொட்டியை நிரப்ப மோட்டாரைப் போட எழுந்து போயிருப்பார்.