உளி பட்ட விரலும் உடலின் திசுக்களும்



விடியற்காலை நேரம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். நிரையில் பாதி முடிந்த சமயத்தில் உளி வழுக்குகிறது. இடக்கை ஆள்காட்டி விரலின் உட்புறத்தில் ஒரு வெட்டு. நீளம் அரை அங்குலம்தான் இருக்கும். துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதி மரங்களையும் வெட்டி முடிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் காயத்தில் காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டுகிறார். பத்து நாளில் காயம் மூடிவிடுகிறது. ஆனால், விரலின் நுனிக்கணு மடங்கவில்லை. விரல் நுனியின் ஒரு பக்கம் மரத்துப் போயிருக்கிறது. சூடான குவளையைத் தொட்டாலும் அந்தப் பக்கத்தில் சுடுவது தெரியவில்லை. "காயந்தான் ஆறிவிட்டதே, பிறகு ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

இந்த அம்மா நான் கற்பனை செய்துகொண்டவர். ஆனால், இப்படிப்பட்ட விரல்கள் கற்பனை அல்ல. உளியும் அரிவாளும் கத்தியும் புழங்குகிற எந்தத் தோட்டத்திலும் இவற்றைக் காணலாம். அந்த அம்மாவின் கேள்விக்கு விடை, திசு என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. மரப்பட்டை பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரியும். உளி பிடித்த கைக்குத்தான் அது ஒன்றல்ல என்பது தெரியும். மேலே சொரசொரப்பான, செத்துப்போன புறப்பட்டை. அதற்குக் கீழே கடினமான பட்டை. அதற்கும் உள்ளே மென்பட்டை. பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுவது அங்கேதான். எல்லாவற்றுக்கும் உள்ளே, கட்டையை ஒட்டினாற்போல், புதுப் பட்டையை வளர்த்துத் தரும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மேலேயே உளி நின்றுவிட வேண்டும். தாண்டிக் கட்டையில் பட்டாலும் மரம் பிழைக்கும், பட்டையும் வளரும். ஆனால், முண்டும் முடிச்சுமாக வளர்வதால் மறுபடி அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1888இல் ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், வளர்படலத்தைப் புண்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்துக் காட்டினார். ஒரே மரத்தில் ஆண்டுக்கணக்காகப் பால் எடுக்க அது உதவியது.

மரத்துக்கு உள்ள அதே நியாயம் விரலுக்கும் உண்டு. வெட்டின் நீளம் எவ்வளவு என்பதைவிட, அது எந்த அடுக்குவரை போயிற்று என்பதுதான் பெரிது.

நமது உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒரே வகையைச் சேர்ந்த உயிரணுக்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் சேர்ந்திருக்கும் தொகுதிக்குத் திசு என்று பெயர். பிரெஞ்சு மொழியில் நெய்த துணியைக் குறிக்கும் சொல் அது. அந்தப் பெயரை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் பிஷா என்னும் பிரெஞ்சு மருத்துவர். நுண்பெருக்கியை அவர் நம்பவில்லை. பிணங்களை அறுத்தும், அவற்றின் பகுதிகளை ஊறவைத்தும் வேகவைத்தும் காயவைத்தும் ஆராய்ந்து, 1800ஆம் ஆண்டு வாக்கில் உடலில் 21 வகைத் திசுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார். 1802இல், 30 வயதிலேயே இறந்துபோனார். இப்போது நாம் அவற்றை நான்கு பெரும் பிரிவுகளில் அடக்கிவிடுகிறோம்: மேற்படலத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. இனி, உளி சென்ற வழியே நாமும் விரலுக்குள் போய்ப் பார்ப்போம்.

முதலில் உளி தொட்டது மேற்படலத் திசு. தோலின் மேலடுக்கு இதனால் ஆனது. உயிரணுக்கள் செங்கல் சுவர் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். கிருமியையும் அழுக்கையும் உள்ளே விடாமல், உடலின் நீரை வெளியே விடாமல் காப்பது இதன் வேலை. இதில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் மேலோட்டமாகச் சிராய்த்தால் இரத்தம் வருவதில்லை. அடியில் புதிய உயிரணுக்கள் பிறந்துகொண்டே இருக்கும். பழையவை மேலே தள்ளப்பட்டு உதிரும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. உளிப்பிடி உராயும் உள்ளங்கையில் காய்ப்புக் காய்ப்பதும் இந்தத் திசுவின் வேலையே. வாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்பக்கத்தையும் இதே இனத் திசுதான் போர்த்தியிருக்கிறது. சிறுகுடலின் உட்படலம் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதுப்பிக்கப்படுகிறது. உடலில் வேகமாக ஆறுவது இந்தத் திசு. ஆகவே, காயத்தின் வாயை முதலில் மூடுவதும் இதுவே. நம்மை ஏமாற்றுவதும் இதுதான்! மேலே மூடியதைக் கண்டு உள்ளேயும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

அதற்குக் கீழே இணைப்புத் திசு தொடங்குகிறது. இது ஒரு பெரிய குடும்பம். உட்தோல், கொழுப்பு, எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் எல்லாம் இதில் அடங்கும். இரத்தமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றால் வியப்பாக இருக்கும். அதன் உயிரணுக்கள் ஒரு நீர்மத்தில் மிதக்கின்றன என்பதே வேறுபாடு. இந்தக் குடும்பத்தின் பல உறுப்பினர்களுக்குப் பலம் தருவது கொலாஜன் என்ற நார்ப்பொருள். உட்தோல் வெட்டுப்பட்டால், அங்குள்ள உயிரணுக்கள் புதிய கொலாஜன் நாரை இழைத்து இடைவெளியை அடைக்கின்றன. அதுதான் தழும்பு. அது ஒட்டுப்போட்ட துணியைப் போன்றது. மாதங்கள் கழிந்தாலும் பழைய தோலின் முழுப் பலத்தை அடைவதில்லை.

கொலாஜனைச் சரியாக முறுக்குவதற்கு வைட்டமின் சி தேவை. காய்கனி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த அந்தக் காலத்து மாலுமிகளுக்கு ஈறு புண்ணாகும், ஆறிப்போன பழைய தழும்புகூட மறுபடி வாய் திறக்கும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் நோயாளிகள் 12 பேருக்கு வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினர். நாம் ஆரஞ்சுக்கு அலைய வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொய்யாப்பழத்தில் அதைவிட அதிகமான வைட்டமின் சி இருக்கிறது. காயம் பட்டவருக்குக் கொய்யா ஆகாது, முட்டை ஆகாது என்று பத்தியம் வைக்கும் தாய்மார்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொலாஜன் என்பதே ஒரு புரதம். புரதம் இல்லாமல் எதைக் கொண்டு இழைப்பது?

இனித்தான் நம் கதையின் முக்கியமான இடம். நேயர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலக்கையால் இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது இடக்கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். பிடித்திருக்கும் இடத்தில் சதை புரள்வது தெரிகிறதல்லவா? விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. அது முன்கையில் இருந்துகொண்டு, தசைநாண் என்னும் நீண்ட கயிற்றால் விரலை இழுக்கிறது. அந்த நாண் மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியாக, விரலின் உட்புறத்தில் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அரை அங்குல வெட்டு அதை அறுத்துவிடப் போதும். இழுத்துக் கட்டிய கயிறு அறுந்தால் என்ன ஆகும்? மேல்முனையைத் தசை உள்ளங்கைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு முனைகளும் விலகி நிற்கும்போது, தோல் மூடினாலும் நாண் தானாக ஒட்டாது. மருத்துவர்தான் முனைகளைத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். அதுவும் சில நாள்களுக்குள் செய்தால் நல்லது. வாரங்கள் கடந்தால் முனைகள் சுருங்கி, சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, வேலை மிகக் கடினமாகிவிடும். தைத்த பிறகும் ஆறு வாரம்போலக் கட்டையிட்டுக் காப்பாற்ற வேண்டும். பழைய வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

தசைத் திசுவைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சுருங்குவதும் தளர்வதுமே அதன் வேலை. நம் விருப்பப்படி இயங்கும் எலும்புத் தசை, குடலிலும் இரத்தக் குழாயிலும் நம்மைக் கேளாமலே இயங்கும் மென்தசை, ஓயாது துடிக்கும் இதயத் தசை என மூன்று வகை. எலும்புத் தசைக்குக் காயத்தைச் சரிசெய்துகொள்ளும் திறன் ஓரளவு உண்டு. இதயத் தசைக்கு அது அநேகமாக இல்லை. மாரடைப்பில் செத்த பகுதியில் தழும்புதான் மிஞ்சும்.

அந்த அம்மாவின் விரல் நுனி மரத்துப் போனதற்குக் காரணம் நரம்புத் திசு. இங்கே நம் பேச்சுமொழியில் ஒரு குழப்பம் இருக்கிறது. புறங்கையில் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். மணிக்கட்டில் விறைத்து நிற்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். "நரம்பு அறுந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், மூன்றில் எது அறுந்தது என்றே தெரிவதில்லை. உண்மையான நரம்பு, செய்தியைக் கொண்டு செல்லும் திசு. தொடுவதும் சுடுவதும் குத்துவதும் அதன் வழியே மூளைக்குப் போகின்றன. விரலின் இரு ஓரங்களிலும் நரம்பு ஓடுகிறது. ஒன்று அறுந்தால் அந்தப் பாதி மட்டும் மரத்துப் போகும். முனைகளைச் சேர்த்துத் தைத்தால் அது மறுபடி வளரும். ஆனால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்! மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டுவதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புத் திசுவுக்கோ இந்த அளவு வளர்ச்சியும் இல்லை. பனையேறி விழுந்தவர் கால் விளங்காமல் படுத்துவிடுவது இதனால்தான். முதுகு அடிபட்டவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

உளி இன்னும் ஆழமாகப் போயிருந்தால் மூட்டும் எலும்பும் வந்திருக்கும். எலும்பு உயிருள்ள திசு. இரத்த ஓட்டம் உள்ளது. ஒழுங்காகப் பொருத்தி வைத்தால் நன்றாகவே கூடிவிடும். மூட்டின் முனையில் வழவழப்பாக இருக்கும் குருத்தெலும்புக்கோ இரத்தக் குழாயே இல்லை. ஆகவே, அது கெட்டால் ஆறுவது அரிது. செம்பனை மட்டையின் முள் கணுவில் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டால், ஊசி முனையளவு காயந்தானே என்று விட்டுவிடாதீர்கள். மூட்டு வீங்கி மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

சரி, வெட்டுப்பட்டவுடன் என்ன செய்வது? சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். காப்பித்தூள், புகையிலை, சிலந்திக்கூடு எதுவும் வேண்டாம். அவை காயத்தை மறைக்கும், அழுக்கை உள்ளே சேர்க்கும். மண்ணில் வாழும் டெட்டனஸ் கிருமி, காற்றுப் புகாத ஆழமான புண்ணில் நன்றாகப் பெருகும். ரண ஜன்னி என்றும், மலாயில் காஞ்சிங் கீகி என்றும் சொல்கிற நோய் அதனால் வருவது. தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தம் நின்றதும் விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மெதுவாக மடக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் விரலின் இரு ஓரங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒரு கணு மடங்கவில்லை என்றாலும், ஒரு பக்கம் உணர்ச்சி இல்லை என்றாலும், காயம் எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மடங்குகிறது, ஆனால் மிகவும் வலிக்கிறது என்றாலும் போகத்தான் வேண்டும். நாண் பாதி அறுந்திருந்து, பிறகு வாளி தூக்கும்போது முழுவதும் அறுந்துவிடலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு முன்பே உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்களுக்குக் காயமும் மெதுவாகவே ஆறும். அவர்கள் இந்தச் சோதனையை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

விரல் துண்டாகவே போய்விட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டு போங்கள். பனிக்கட்டி நேரே சதையில் படக்கூடாது. இரத்தம் கிடைக்காவிட்டால் முதலில் சாவது தசைத் திசு. முழுக்கை துண்டானால், தசை மிகுந்த உறுப்பாதலால், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். விரலில் தசை இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதனாலேயே குளிர்ச்சியில் வைத்த விரலுக்கு அதைவிட அதிக நேரம் கிடைக்கிறது. தொலைவான தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர அது பெரும்பாலும் போதும்.

அடுத்த பேச்சில், இணைப்புத் திசுக் குடும்பத்தில் நாம் போகிற போக்கில் தொட்டுச் சென்ற இரத்தத்தைப் பற்றிப் பார்ப்போம்.