தூங்கிய நாள்களுக்கு ஒரு டைரி... ஐ.சி.யூ நர்ஸ்கள் எழுதுவது ஏன்?

ஐ.சி.யூ-வில் ரெண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தவரிடம், ‘அங்கே என்ன நடந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு அந்த நாள்களே நினைவில் இருக்காது. சிலருக்கு நடக்காததெல்லாம் நடந்ததாக நினைவிருக்கும்! யாரோ கழுத்தை நெரித்தார்கள், நர்ஸ் விஷ ஊசி போட வந்தார்... இப்படி. நோயின் தீவிரம், மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்புவதால் வருவது இது. ‘டெலிரியம்’ என்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் சிலரை விடாது.

நர்ஸ் பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க. சளியை உறிஞ்சி எடுத்து, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, பதில் வராது எனத் தெரிந்தும் ‘ஐயா, இப்போ ஊசி போடப்போறேன்’ என்று சொல்லிச் சொல்லிச் செய்தவர் அவர். கண்விழித்த நோயாளி அவரைப் பார்த்துத்தான் மிரள்கிறார்!

டென்மார்க், ஸ்வீடன், நார்வே நர்ஸ்கள் இதற்குப் பிடித்த வழி, டைரி. 1980-களில் தொடங்கிய பழக்கம். ரத்த அழுத்தம், மருந்தளவு எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். இதில் எழுதுவது நோயாளியிடம் பேசுவது மாதிரி: ‘இன்னைக்கு காய்ச்சல் குறைஞ்சிருக்கு. உங்க மகள் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. வெளியே பனி கொட்டுது. தொண்டையில குழாய் இருக்கறதால உங்களால பேச முடியலை.’ பின்னாளில் இதைப் படிக்கும்போதுதான், கழுத்தை நெரித்தது ஆள் இல்லை, குழாய் என்பது அவருக்குப் புரியும். நோயாளி இறந்துவிட்டால், பல இடங்களில் டைரியைக் குடும்பத்திடமே கொடுத்துவிடுகிறார்கள். கடைசி நாள்களில் அவர் பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

இது மந்திரம் இல்லை. 2010-ல் ஐரோப்பாவில் வெளிவந்த ஆய்வில், டைரி கிடைத்தவர்களில் 5 சதவிகிதம் பேருக்கும், கிடைக்காதவர்களில் 13 சதவிகிதம் பேருக்கும் புதிதாக ‘பி.டி.எஸ்.டி’ எனும் மனக்காயம் வந்திருந்தது. 2019-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும், தொலைந்த நாள்களைத் திருப்பித் தர வேறு என்ன இருக்கிறது?

உங்க வீட்டில் யாராவது ஐ.சி.யூ-வில் இருந்தால், நீங்களே ஒரு நோட்டு போடலாம். தேதி, யார் வந்தாங்க, மேட்ச்சில் யார் ஜெயிச்சாங்க, எல்லாமே எழுதலாம். டியூட்டி நர்ஸிடம் ‘ராத்திரி எப்படி இருந்தார்?’ என்று கேட்டு அதையும் எழுதுங்க. போட்டோ வேண்டுமென்றால் முதலில் அனுமதி கேளுங்க. ஃபேமிலி குரூப்பில் மட்டும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்! வீடு திரும்பியதும் நோட்டைக் கையில் திணிக்காதீங்க. அவரே கேட்கும் நாள் வரைக்கும் அலமாரியில் இருக்கட்டும்.