பத்துப் பேர் கூடினால் சபை

அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் கல்வெட்டில் உள்ள அதே வட்டெழுத்தில்தான், கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குப் பல்லக்கு, குடை, பகல்விளக்கு உள்ளிட்ட 72 உரிமைகளை வழங்கிய செப்பேடும் பொறிக்கப்பட்டிருப்பதால், நாங்குநேரி வாசகருக்குக் கொச்சி யூதர்களின் கதை அத்தனை அந்நியமானதன்று.

யூதத் தொழுகைக்கூடமான சினகாக்கின் உயிர் கட்டடத்தில் இல்லை. ‘மின்யான்’ எனப்படும் பதின்மர் கூட்டத்தில் இருக்கிறது. மரபுப்படி, பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் சேராவிட்டால், தோல் சுருளில் கையால் எழுதப்பட்ட தோரா என்னும் திருநூலைச் சபையில் வாசிக்க இயலாது. 

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக்கில், நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் பதித்த தரையில் வெறுங்காலோடு நடப்பதே முறை. செருப்பை வாசலில் விடுவது திருநெல்வேலிச் சீமைக் கோயில்களின் வழக்கமும்தான். ஆனால் சாதி வழக்கமோ வாசலில் நிற்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் கூடத்துக்குள் மற்றவரோடு சமமாக அமரவும், தோரா வாசிக்கவும் தடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் சத்தியாக்கிரகம் செய்து அத்தடைகளைத் தளர்த்தினார். 1948-இல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட, யார் எங்கே உட்காருவது என்று வழக்காடிய அதே கூடத்தில், உள்ளூர்க்காரர்களை மட்டும் கொண்டு பத்துப் பேரைச் சேர்ப்பது முடியாமற் போயிற்று.